விக்கக் கூடாத நேரம்

உள்ள வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க. செருப்பு அப்படியே கிடக்கட்டும். பாலிசி எடுக்க மாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிடுறேன். அப்புறம் டீயைக் குடுத்து உக்கார வச்சு ஏமாத்திட்டான் கிழவன்னு நீங்க சொல்லக் கூடாது. ஆனா டீ குடிக்காம அனுப்ப மாட்டேன். இந்தத் தெருவுல ஒரு ஆள் என் வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா? பால் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

என்ன பாலிசி? ஆஸ்பத்திரிச் செலவுக்கா? சரிதான். நீங்க என்னத்த சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் சார். உங்க தொழிலைக் குறை சொல்லல. உங்களை மாதிரி ஒருத்தர் முன்னயும் வந்தாரு, எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் சேத்து வருஷத்துக்கு இருபத்திரண்டாயிரம்னாரு. நோய் ஒண்ணும் வரலேன்னா அந்தக் காசு? போச்சு. கோவிந்தா. அதே இருபத்திரண்டாயிரத்தை நானே ஃபண்டுல போட்டா அது என் காசு, வளரும். எனக்கு நானே இன்சூரன்ஸ். அவரு என் கணக்கைப் பாத்துட்டுப் பையைத் தூக்கிட்டுப் போனவருதான், இந்தப் பக்கமே வரல.

என் பேரு ராமசுப்பு. ராஜபாளையத்துல நூல் மில்லுல ஸ்டோர்ஸ் கீப்பர், ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. பேரிங், பெல்ட், நட்டு, போல்ட்டு, எது கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பேன். அதுக்கு என்ன பென்ஷன் வருதுங்கிறீங்க? மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம். சிரிக்காதீங்க சார். கவர்மெண்டு உத்தியோகம் பாத்தவனுக்கு அது ஒரு நாள் செலவு.

எனக்கு முந்தி அந்த ஸ்டோர்ஸ்ல இருந்தவரு ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி. ராஜா மாதிரி இருந்த மனுஷன். பி.எஃப். காசு கையில வந்துச்சு, மக கல்யாணம், மகனுக்கு வண்டி, மிச்சத்தை எவனோ தேக்கு மரம் வளக்கிறேன்னு வாங்கிட்டுப் போனான். ரெண்டே வருஷம். அதே மில் கேட்டுல வாட்ச்மேனா வந்து உக்காந்தாரு. நான் சைக்கிள்ல உள்ள போவேன், எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிப்பாரு. எனக்கு வேலை சொல்லிக் குடுத்த மனுஷன் சார்! அன்னைக்கு முடிவு பண்ணேன், செத்தாலும் இந்தக் கதி நமக்கு வரக் கூடாதுன்னு.

நானே படிச்சேன். யாரும் சொல்லிக் குடுக்கல. மில் ஆபீஸ்ல வர்ற இங்கிலீஷ் பேப்பரை சாயந்தரம் வாங்கிட்டு வந்து, டிக்சனரியை வச்சு வரி வரியா. ஊரே ஈமு கோழிக்குப் பணம் கட்டி ஏமாந்துச்சே, ஞாபகம் இருக்கா? என் மச்சான்கூட ஒன்றரை லட்சம் கட்டினான். நான் ஒரு பைசா கட்டல. சீட்டு கிடையாது, பிளாட்டு கிடையாது, ஏஜெண்டு கிடையாது. இண்டெக்ஸ் ஃபண்டு. நாட்டுல இருக்கிற பெரிய அம்பது கம்பெனியிலயும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சம் பங்கு. மாசம் பொறந்தா அஞ்சாம் தேதி காசு தன்னால போயிரும். போட்டுக்கிட்டே இருக்கணும், கடன் வாங்கக் கூடாது, சந்தை விழுந்தா பயந்துக்கிட்டு விக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. இதைச் செய்யறதுக்கு மூளை வேண்டாம் சார், நெஞ்சுரம் வேணும். எனக்கு அது இருந்துச்சு.

டீயைக் குடிங்க, ஆறிடும்.

என்கிட்ட ஒரு பழக்கம். எந்தப் பொருளுக்கும் கடைக்காரன் சொல்ற விலையை நான் பாக்க மாட்டேன். அந்தக் காசு ஃபண்டுல கிடந்தா இருபது வருஷத்துல என்னவாகும்னு பாப்பேன். தோராயமாப் பத்து மடங்கு. அதுதான் நிஜ விலை. ஃப்ரிட்ஜ் பதினஞ்சாயிரம்பான், எனக்கு அது ஒன்றரை லட்சம். ஒன்றரை லட்சத்துக்கு எவனாவது ஃப்ரிட்ஜ் வாங்குவானா? அதான் பாருங்க, இந்த வீட்டுல இன்னைக்கு வரைக்கும் கிடையாது. வடிவு, என் சம்சாரம், சண்முகவடிவு அவ முழுப் பேரு, திருச்செந்தூர்ல ஒரு ராத்திரி தங்கணும்பா. காலைல எந்திரிச்சு கடல்ல குளிச்சிட்டு சாமி பாக்கணுமாம். ரூம் வாடகை, பஸ்ஸு, சாப்பாடு, எல்லாம் சேத்து ரெண்டாயிரத்தைந்நூறு ஆகும். "வடிவு, இருபத்தஞ்சாயிரம் ரூபாய்க்கு முருகனைப் பாக்கணுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டா. காலைல போயிட்டு சாயந்தரம் திரும்பிட்டோம். நல்ல தரிசனம்.

தங்கமான பொம்பள சார். முகம் சுளிச்சதே கிடையாது. தளவாய்புரத்துக்காரனுக்கு நைட்டி தச்சுக் குடுப்பா, பீஸுக்கு இத்தனைன்னு. அந்தக் காசும் அப்படியே என் கைக்கு வந்துரும், அஞ்சாம் தேதி ஃபண்டுக்குப் போயிரும். கழுத்துல ரெட்டை வடச் சங்கிலி ஒண்ணு கிடந்துச்சு, அவ அம்மா வீட்டுல போட்டது. சும்மா கழுத்துல தொங்குறதால என்ன வட்டி வருதுன்னு எடுத்துச் சொன்னேன். ரெண்டு நாள் பேசாம இருந்தா, மூணாம் நாள் தானாவே கழட்டிக் குடுத்துட்டா. "நமக்குத்தானங்க"ன்னா. ஆமா, நமக்குத்தான். எல்லாமே எங்க ரெண்டு பேருக்கும்தான். ரெண்டு பேரும் எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் யார் கையையும் எதிர்பாக்காம சாப்பிடணும். அதுக்குத்தான் அவ்வளவு பாடும்.

அறுபத்தொரு லட்சம் சேந்துச்சு சார். ஸ்டோர்ஸ் கீப்பர். அறுபத்தொரு லட்சம்.

அப்புறம் சந்தை விழுந்துச்சு. விழும், அது ஒண்ணும் புதுசில்ல. அவனவன் அலறிக்கிட்டு வித்தான். எனக்கா? உள்ளுக்குள்ள சந்தோஷம். எல்லாம் மலிவாக் கிடைக்குது! பேங்குல அவசரத்துக்குன்னு மூணு லட்சம் டெபாசிட் தனியா வச்சிருந்தேன். ஆறு மாசச் செலவு கையில இருக்கணும்னு எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கும். யோசிச்சேன். இந்த மாதிரி மலிவு வாழ்க்கையில ரெண்டு தடவை மூணு தடவைதான் வரும். இதை விட அவசரம் வேற என்ன இருக்கு? டெபாசிட்டை உடைச்சு மூணு லட்சத்தையும் ஃபண்டுல தள்ளிட்டேன். அன்னைக்கு எனக்கு இருந்த தைரியம் இந்த ஊர்ல எவனுக்கும் இருந்திருக்காது.

அதுக்கு அடுத்த வாரம்தான் வடிவு மாடிக்குத் துணி காயப் போடப் போனவ பாதிப் படியில உக்காந்துட்டா. மூச்சு வாங்குது. முன்னயே வாங்கியிருக்கு, சொல்லல பாத்துக்கோங்க. டாக்டரு, டெஸ்ட்டுன்னு நான் செலவைப் பாப்பேன்னு சொல்லாம விட்டுட்டாளாம். சொல்லித் தொலைச்சிருந்தா எப்பவோ, சந்தை உச்சத்துல இருந்தப்பவே பாத்திருக்கலாமே. அவகிட்ட அது ஒண்ணுதான் குறை.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். பேரு வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸுல இல்ல சார், கார் வச்சுக் கூட்டிட்டுப் போனேன். அதையும் எழுதிக்கோங்க. ஸ்கேன் எடுத்துட்டு டாக்டரு சொன்னாரு, இருதயத்துல ஒரு வால்வு சுருங்கிப் போச்சு, அதை மாத்தணும், இந்த வாரமே சேந்துருங்க, தள்ளிப் போடாதீங்கன்னு. எவ்வளவு ஆகும்னேன். நாலரை லட்சம்னாரு. மில்லுல சம்பளம் கூடினப்பவே ஈ.எஸ்.ஐ. வைத்தியம் நின்னு போச்சு, அதனால கைக்காசுதான். தர்மாஸ்பத்திரியில கேட்டுப் பாருங்களேன்னு பக்கத்துல ஒரு நர்ஸம்மா சொன்னாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. என் பொண்டாட்டிக்கு நல்ல ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பாப்பேன், காசு சேத்து வச்சிருக்கிறது எதுக்குன்னு கேட்டேன்.

இப்ப நீங்களே யோசிங்க. அன்னைக்குச் சந்தை எங்க கிடக்கு? அறுபத்தொண்ணு அம்பதுக்கு வந்துருச்சு. அன்னைக்கு வித்து நாலரை லட்சம் எடுத்தா, நல்ல நாள்ல அது அஞ்சரை லட்சம். ஒரு லட்ச ரூபா கண்ணு முன்னால காத்தோட போகுது. அதுகூடப் பரவாயில்ல. இருபது வருஷக் கணக்கு போடுங்க. நாப்பத்தஞ்சு லட்சம் சார்! ஒரு வால்வுக்கு நாப்பத்தஞ்சு லட்சம். கொஞ்சம் பொறுத்தா சந்தை திரும்பும், கட்டாயம் திரும்பும், எனக்குத் தெரியும். டாக்டருன்னா அப்படித்தான் அவசரப்படுத்துவாங்க, அவங்க பெட்டு நிறையணும்ல. மாத்திரை எழுதிக் குடுங்க, கொஞ்ச நாள்ல வர்றோம்னு சொல்லிட்டு வந்தேன். திரும்பி வர்றப்ப கார்ல நானாத்தான் சொன்னேன், "ஏறட்டும் வடிவு, ஏறினதும் எடுத்துருவோம்"னு. தலையை ஆட்டினா.

சங்கரபாண்டி வந்தான். அவ அண்ணன், என் மச்சான், சங்கரன்கோவில்ல உரக்கடை வச்சிருக்கான். ஈமு கோழிக்குப் பணம் கட்டினவன் அவன்தான். "மாப்ள, நான் தர்றேன் அஞ்சு லட்சம், எப்ப முடியுதோ திருப்பிக் குடுங்க"ன்னான். கடை மேல லோன் எடுத்துக் குடுப்பானாம். நான் யாரு சார்? வாழ்க்கையில ஒருத்தன்கிட்ட கை நீட்டினது கிடையாது. அதுவும் மச்சான்கிட்ட. அறுபத்தொரு லட்சம் வச்சிருக்கிறவன் எதுக்குக் கடன் வாங்கணும்? முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னுட்டேன். அடுப்படிக்குள்ள போய் தங்கச்சிகிட்ட என்னமோ குசுகுசுன்னு பேசிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு போனான். என்ன பேசினான்னு வடிவுகிட்ட கேட்டேன். "அண்ணன் வீட்டுக்கு வந்துருன்னு கூப்பிட்டாங்க, நான் வரலைன்னுட்டேன்"னா. பாத்தீங்களா? என்னை நம்புனா சார் அவ.

மக ஒருத்தி. கோமதி, பெங்களூர்ல வேலை பாக்கிறா, மாப்பிள்ளையும் அங்கதான். போன் பண்ணி பண்ணிக் கேப்பா. அது பயந்த சுபாவம். மூணு மாசம் தாராளமாத் தாங்கும்னு டாக்டரே சொன்னாரும்மான்னு சொல்லி வச்சேன். டாக்டர் சொல்லல, நானாத்தான் சொன்னேன். மாசமா இருக்கிற புள்ள, சும்மா எதுக்குப் பயந்துக்கிட்டு கிடக்கணும்? அது ஒரு தப்பா? இன்னைக்கு அதைத்தான் பெரிய கொலைக் குத்தமாப் பேசுறா.

பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு, வந்த சனம் அத்தனை பேருக்கும் முன்னாடி, சாப்பாட்டுப் பந்தியில வச்சு, சங்கரபாண்டி இலையை மடக்கிட்டு எந்திரிச்சு நின்னு கத்தினான். "உன் காசைக் கட்டிக்கிட்டு நீயே அழுடா"ன்னான். மாப்ளன்னு கூப்பிட்ட வாயால டா போட்டான். என் மக எந்திரிச்சு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவ மாமன் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போயிட்டா. யாருக்காகச் சேத்தேன்? நான் ஒரு நல்ல சட்டை போட்டிருக்கேனா? ஒரு சினிமா, ஒரு ஓட்டல்?

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல, ஆடியில, சந்தை திரும்பிருச்சு. நான் சொன்னேன்ல, திரும்பும்னு! பழைய உச்சத்தையும் தாண்டிப் போச்சு. மலிவா வாங்கின அந்த மூணு லட்சமே நாலு ஆயிருச்சு. எனக்கு முத ஞாபகம் கோமதிதான். அவ மனசு ஆறுமேன்னு, கணக்கை அப்படியே போட்டோ பிடிச்சு அனுப்பினேன். "அப்பா சொன்னது சரியாப் போச்சும்மா"ன்னு எழுதினேன். பாத்தா. மறுநாள்லருந்து என் போனு போக மாட்டேங்குது. பேரன் பொறந்ததைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரு சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

என்ன பண்றது, விடுங்க. இப்ப புதுசாக் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். முன்ன ரெண்டு பேருக்குப் போட்டது, எண்பத்தஞ்சு வயசோட தீந்துரும். இப்ப ஒரு ஆளுதானே? ஒரு நேரம் பொங்கினா ரெண்டு நேரம் ஓடுது. நூத்திப் பத்து வயசு வரைக்கும் நான் இருந்தாலும் காசு மிச்சமிருக்கும் சார். ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி மாதிரி எவனுக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்ல. அந்த நிம்மதி இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கத்தான் பிடிக்கல. சாயந்தரம் ஆனா வாசப்படியில வந்து உக்காந்துக்கிறேன்.

ஏன்னு சொல்லட்டுமா? ஊர்ல ஆயிரம் பேசுறானுங்க, அவ மனசு யாருக்கும் தெரியாது. கடைசி மூணு மாசம் இந்த வீட்டுல நடந்தது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். இத்தனை வருஷம் தலைகீழா நின்னு சொல்லிக் குடுத்தும் சந்தைன்னா அவளுக்குக் காய்கறிச் சந்தைதான். நான் வாயைத் திறந்தா கொட்டாவி விடுவா. அப்படிப்பட்டவளுக்கு, எப்படின்னே தெரியல, திடீர்னு ஆர்வம் வந்துருச்சு. சந்தை மூணரைக்கு மூடும். மூணு மணியிலருந்தே வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னுருவா. படுத்தா மூச்சு முட்டுது, அதனால எந்நேரமும் உக்காந்தேதான் இருப்பா, ஆனா மூணு மணி ஆனா எந்திரிச்சு வந்துருவா. "ஏங்க, இன்னைக்கு ஏறிச்சா?"

"எறங்கிருச்சு வடிவு"ம்பேன். "சரி விடுங்க, நாளைக்கு ஏறும்"பா. என்னைத் தேத்துவா சார்! காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு, நாலு வார்த்தை சேந்தாப்புல பேச முடியல, என் முகம் வாடக் கூடாதுன்னு அவ என்னைத் தேத்துவா. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு ஒரு விளக்கு கூடுதலா ஏத்துவா. எதுக்குன்னு கேட்டா, சந்தை ஏறணும்னு வேண்டிக்கிட்டேங்கிறா. இந்தத் தமிழ்நாட்டுலயே பங்குச் சந்தைக்கு விளக்குப் போட்ட பொம்பள அவ ஒருத்தியாத்தான் இருக்கும்.

வைகாசியில ஒரு வியாழக்கிழமை. அன்னைக்கு ஒரே நாள்ல ஏறுச்சு பாருங்க, அப்படி ஒரு ஏத்தம். மூணரைக்கு நான் போனைத் தூக்கிக்கிட்டு அவகிட்ட ஓடினேன். "ஏறிருச்சு வடிவு, நல்லா ஏறிருச்சு!" அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும் சார். கல்யாணத்தன்னைக்குக்கூட அவ அப்படிச் சிரிக்கல. கண்ணுல தண்ணி வருது, கையை எடுத்துக் கும்பிடுறா. நிலையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, "பைல ரெண்டு சேலை எடுத்து வைக்கட்டுமா"ன்னா. எதுக்குன்னேன். "மதுரைக்கு"ன்னா.

அட, அவசரக்குடுக்கை. சந்தைங்கிறது ஒரு நாள் ஏத்தத்தை வச்சா முடிவு பண்றது? பழைய விலைக்கு வர இன்னும் தூரம் இருக்கு. உக்கார வச்சு, போன்ல சந்தை ஏறி எறங்குற அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டி, நாம இங்க நிக்கிறோம், இந்த இடத்துக்கு வரணும், வந்ததும் போயிருவோம்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன். ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தா. "இவ்வளவு தூரமா?"ன்னு கேட்டா. அப்புறம், "சரிங்க"ன்னுட்டா.

மறுநாள் காலைல, சந்தை இன்னும் திறக்கல. காப்பி கொண்டு போனேன். சுவத்துல சாஞ்சபடியே இருந்தா, அவ்வளவுதான்.

எந்திரிக்கிறீங்களா? இருங்க சார், இன்னும் பாதி டீ அப்படியே கிடக்கு. மனசுல கிடக்கிறதைச் சொல்லிடுறேன், எனக்கு இருக்கிற ஆத்தாமை இது ஒண்ணுதான். முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் நான் ஒருத்தனே உக்காந்து அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டு கிடந்தேன். சந்தை மேல அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கு. அது கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா, சொல்லுங்க?